வீட்டுக் காப்பகத்தில் வீறிட்டு அழுது கேட்கும் பழக்கத்தைப் பெற்றோரும் சேர்ந்தே மாற்ற வேண்டியது ஏன்?

வீட்டுக் காப்பகம் என்பது ஒருவர் தம் வீட்டிலேயே சில குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. அங்கே நான்கு வயதுக் குழந்தை எதையும் வீறிட்டு அழுதே கேட்டால், அந்த அழுகை எப்போதாவது பலித்திருக்கக்கூடும். எப்போதாவது மட்டும் பலன் தரும் செயல், எப்போதும் பலன் தருவதைவிட எளிதில் மறையாது என்பதால், காப்பாளர் பகலில் மறுத்ததைப் பெற்றோர் மாலையில் கொடுத்தால் பழக்கம் இறுகிவிடும். ஆகவே, அமைதியாகக் கேட்டால் உடனே கவனிப்பது, அழுதால் பொருளைத் தராமல் அருகிலிருந்து ஆறுதல் சொல்வது என்று இருதரப்பும் ஒரே முறையைப் பேசிவைத்துக்கொள்ள வேண்டும். அதையும் குழந்தையின் காதுபடப் பேசாதிருப்பது நல்லது. லிஃப்ட் வராவிட்டால் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துகிறோம் அல்லவா, அதுபோலத் தொடக்கத்தில் அழுகை சில நாள் கூடலாம். முறை தோற்றுவிட்டதாகப் பலர் எண்ணுவது அப்போதுதான். உண்மையில், பழைய வழி பலிக்கவில்லை என்பதைக் குழந்தை கவனிக்கத் தொடங்கியிருக்கிறது.