பூச்சி செல்லும் வைரஸ் டைட்டரும்: மகளின் ஆய்வுத் தலைப்பைப் பார்த்துத் தயங்கும் பெற்றோருக்கு

முதலில் பாதுகாப்பு. உங்கள் மகளின் தலைப்பு, பூச்சி செல்லில் பெருகும் ஒரு வைரஸின் வீரியத்தை அளப்பது. மகள் கையாளப்போவது பாக்குலோவைரஸ். அது பூச்சிகளைத்தான் தாக்கும். மனித செல்லுக்குள் பெருகாது. இந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

வேலை உண்டா? உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி செர்வாரிக்ஸ், 2013இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற ஃப்ளூ தடுப்பூசி ஃப்ளூபிளாக், 2022இல் அங்கு ஒப்புதல் பெற்ற ஹீமோஃபிலியா பி மரபணு மருந்து ஹெம்ஜெனிக்ஸ், மூன்றும் பூச்சி செல்லில் தயாராகின்றன. தேவையான மரபணுவைப் பூச்சி செல்லுக்குள் கொண்டுசெல்வது பாக்குலோவைரஸ். இப்படிப்பட்ட உற்பத்தியில் ஒரு தொகுதியைத் தொடங்கும் முன் தெரியவேண்டியது வைரஸ் ஸ்டாக்கின் (சேமித்து வைத்த வைரஸ் கரைசலின்) டைட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டரில் தொற்றும் திறனுள்ள துகள்கள் எத்தனை என்பது. அதை நம்பும்படி அளக்கத் தெரிந்தவரைத்தான் தேடுகிறார்கள். மகள் பழகவேண்டியதும் அதுவே.

பழைய முறை பிளாக் அஸ்ஸே. செல் படலத்தை அகரோஸ் என்ற ஜெல்லால் மூடி, வைரஸ் செல்களைக் கொன்ற இடங்களை, அதாவது ‘பிளாக்’ எனப்படும் குழிகளை, எண்ணுவார்கள். அவை தெரிய ஒரு வாரம்கூட ஆகும்; மங்கலான குழியை எண்ணுவதில் ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். கியூபிசிஆர் என்ற மரபணு அளவீட்டுமுறை சில மணி நேரத்தில் முடியும், ஆனால் அது மரபணுப் பிரதிகளைத்தான் எண்ணும்; செயலிழந்த துகளும் கணக்கில் சேர்ந்துவிடும். இந்த வேறுபாட்டை நேர்காணலில் தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

இங்கேதான் செல்லையே மாற்றியமைக்கும் உத்தி வருகிறது. எஸ்எஃப்9 என்பது படைப்புழுவின் கூட்டுப்புழுச் சூலகத்திலிருந்து வந்த செல் வரிசை, அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள். அதன் மரபணுவில், வைரஸின் பாலிஹெட்ரின் புரோமோட்டர் என்ற மரபணு சுவிட்சின் பின்னால் பச்சை ஒளிர்புரத்தின் மரபணுவை நிரந்தரமாகச் சேர்த்துவிடுகிறார்கள். அந்தப் புரோமோட்டரை இயக்க வைரஸின் சொந்த ஆர்என்ஏ பாலிமரேஸ் (மரபணுவைப் படிக்கும் நொதி) வேண்டும். ஆகவே தொற்று இல்லாத செல் இருண்டே இருக்கும், தொற்றிய செல் பச்சையாக ஒளிரும். மூன்று நான்கு நாளில் ஒளிர்நுண்ணோக்கியில் பார்த்தே முடிவெடுக்கலாம்.

செய்முறை 96 கிணற்றுத் தட்டில், அதாவது 96 சிறு கிண்ணங்கள் கொண்ட தட்டில், இந்த செல்லை நிரப்பி. ஸ்டாக்கைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு நீர்ப்பிலும் 8 கிணறுகளுக்குத் தலா 10 மைக்ரோலிட்டர் விட வேண்டும். வைரஸே சேர்க்காத 8 கிணறுகளும் கட்டாயம். 27 டிகிரியில் வைத்தால் போதும், கரியமில வாயு இன்குபேட்டர் தேவையில்லை. 10⁻⁶ நீர்ப்பு வரை 8 கிணறுகளுமே பச்சை, 10⁻⁷இல் நான்கு, 10⁻⁸இல் ஒன்றுமில்லை என்றால், பாதிக் கிணறுகள் தொற்றும் பாதிப் புள்ளி 10⁻⁷. பத்து மைக்ரோலிட்டருக்கு 10⁷ என்பதால் மில்லிலிட்டருக்கு 10⁹ டிசிஐடி50 (பாதிக் கிணறுகளைத் தொற்றும் அளவு), 0.69ஆல் பெருக்கினால் 6.9 × 10⁸ பிஎஃப்யூ (பிளாக் உருவாக்கும் அலகு). லிட்டரில் 2 × 10⁹ செல் இருந்து, செல்லுக்கு ஒரு வைரஸ் கொடுக்க நினைத்தால் சுமார் 2.9 மில்லிலிட்டர் ஸ்டாக். இந்தக் கணக்கை மகள் தாளில் போட்டுப் பழகட்டும்.

தவறுகள் வரும் இடம் இன்னும் முக்கியம். ஒவ்வொரு நீர்ப்புக்கும் பிப்பெட் முனையை மாற்றாவிட்டால் ஒட்டிய வைரஸ் அடுத்த குழாய்க்குத் தாவி, டைட்டர் பொய்யாக ஏறும். செல் நெருக்கமாகி வளர்ச்சி நின்றுவிட்டால் தொற்று சரியாக ஏறாது. உயிர்ப்பு 95 சதவீதத்துக்கு மேல் உள்ள, வளரும் நிலையிலிருக்கும் செல்லையே எடுக்க வேண்டும். தட்டின் ஓரக் கிணறுகள் உலர்ந்துபோகும், ஈரப் பெட்டியில் வைப்பது நல்லது. செல் வரிசை பல தலைமுறை ஓடினால் சேர்த்த மரபணு அடங்கிப்போய் ஒளி மங்கலாம். அப்போது உறைநிலையில் வைத்த முந்தைய குப்பியிலிருந்து மறுபடி தொடங்குவதே சரியான வழி. வைரஸ் இல்லாத கிணறும் பச்சையாகத் தெரிந்தால் அன்றைய தட்டைத் தூக்கி எறியத் தயங்கக் கூடாது. ஸ்டாக் குப்பியை 4 டிகிரியில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். ஒளியில் டைட்டர் இறங்கும்.

படிப்புக்கு இடம் முடிவு செய்யும் முன் அந்தத் துறையில் மூன்று கேள்வி கேளுங்கள். மாணவரே எத்தனை வாரம் ஒரு செல் வரிசையைத் தனியாகப் பராமரிப்பார்? ஒரே ஸ்டாக்கை எத்தனை முறை அளந்து, விலகலை எப்படிப் பதிவு செய்கிறார்கள்? ஒளிர்நுண்ணோக்கியைத் தானே இயக்க அனுமதி உண்டா? “ஒருநாள் செய்து காட்டுவோம்” என்று மட்டும் பதில் வந்தால், பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேறு ஆய்வகம் தேடுங்கள்.