படித்த வீடும் சம்பள வீடும்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில், பட்டம் பெற்று வேலைக்குச் செல்பவர்களின் வீடுகளில் சேமிப்பு, நேரத்திற்குச் சாப்பாடு, மாலையில் பிள்ளைகளின் படிப்பு என எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. கடலுக்குப் போகிறவர்களின் வீடுகளில் வந்த காசு அன்றே கரைந்து, மறுநாள் கடன் வாங்குகிறார்கள். கல்விதான் பழக்கத்தைத் தீர்மானிக்கிறது என்றால் என் சித்தப்பா கோபிக்கிறார். தங்கள் கருத்து என்ன?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சித்தப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மாதச் சம்பளம் வருகிற வீட்டையும் பங்குக் காசு வருகிற வீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வித்தியாசம் முழுவதையும் படிப்பின் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். விசைப்படகு கரைக்கு வந்து, மீன் விற்று, டீசலுக்கும் ஐஸுக்கும் ஆன செலவு கழிந்து, படகுக்காரர் தம் பங்கை எடுத்த பிறகு மிஞ்சுவதைத்தான் ஆட்கள் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு முறை கை நிறையும், அடுத்த முறை டீசல் காசுகூடத் தேறாது. காற்று பலமாக இருந்தால் கடலுக்குப் போக மீன்வளத் துறையின் அனுமதி டோக்கன் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. இந்த வரவை நம்பி முதல் தேதியில் பட்ஜெட் போட, பொருளாதாரத்தில் முதுகலை முடித்தவராலும் ஆகாது. இரவெல்லாம் கடலில் கிடந்து விடிந்தபின் கரையேறுபவரிடம் நேரத்திற்குச் சாப்பிடவில்லை என்று குறை சொல்வதும் சரியாகப் படவில்லை.

ஒழுங்கு பள்ளியில் மட்டும் கற்பது என்றால், பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களை எங்கே வைப்பீர்கள்? விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாசி பறிக்கும் இவர்களில் பலர் அதிகம் படித்தவர்கள் அல்லர். பாசி அழிந்துவிடக் கூடாது என்று, மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது எனத் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் இவர்கள்.

படிப்பு எதையும் மாற்றுவதில்லை என்று சொல்ல வரவில்லை; யாரிடம் பணிந்து நிற்கிறோம் என்பதை அது மாற்றுகிறது. வங்கியில் படிவம் நிரப்பித் தருபவருக்கு, எழுதத் தெரியாதவர் காலத்திற்கும் கடமைப்பட்டவராகிறார். முன்பணம் கொடுத்த வியாபாரியின் நோட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. கல்லூரியில் படிக்கும் மகள் அந்த நோட்டை வாங்கிப் பார்த்து, "இந்த ஐந்நூறு எதற்கு, அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டுவிட்டால், அந்த வீட்டோடு அவர் பேசும் தோரணையே மாறிவிடும். (முகம் சுளிக்கவும் செய்வார், அதுவும் உண்டு.) பெண் பட்டம் முடித்திருக்க, பையன் பத்தாம் வகுப்போடு படகேறியிருக்க, சொந்தத்திற்குள் சம்பந்தம் பேசுவது சிக்கலாகி வருவதும் படிப்பின் நேரடி விளைவுதான். இதை நான் குறையாக நினைக்கவில்லை.

பட்டம் வாங்கியும் வேலை அமையாமல் கடலுக்கே திரும்பிய இளைஞர்கள் உங்கள் பக்கத்தில் இருப்பார்கள். அவர்களுடைய சேமிப்பும் கடனும், பக்கத்துச் சம்பள வீட்டைப் போல இருக்கின்றனவா, தம்மோடு படகேறுகிறவர்களின் வீட்டைப் போல இருக்கின்றனவா என்று விசாரித்து எழுதுங்கள்.