17ஐ 71னு எழுதுனா புத்தி இல்லன்னு அர்த்தமா?

கேள்வி: அக்கா, வயசு 34, மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ்மில்லுல கணக்கு எழுதுறேன். 17 மூட்டைன்னா 71னு எழுதிடுறேன், ஓனர் எல்லார் முன்னாடியும் புத்திய எங்க அடகு வச்சன்னு கேக்குறார். போன மாசம் பையனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது படிக்க எழுத சிரமப்படுற கற்றல் குறைபாடுன்னு சொன்னாங்க, அவன் பண்றதெல்லாம் நான் சின்ன வயசுல பண்ணதுதான்க்கா. எனக்கும் அதானா? பாதில விட்ட பி.காம திரும்ப படிக்க முடியுமா?

பதில்: தம்பி, புள்ளைக்குப் பாக்கப்போய் அப்பாவுக்கும் இருக்குன்னு தெரியவர்றது ரொம்ப சகஜம், இது குடும்பத்துல வர்றதுதான். கூடப் பொறந்தது, வயசு ஏறினா போயிடாது, நாம சமாளிக்கப் பழகிக்கிறோம் அவ்ளோதான். ஆனா இங்க உக்காந்துகிட்டு நான் முத்திரை குத்தக்கூடாது, ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்ட டெஸ்ட் பண்ணிக்குங்க.

ஓனர்ட்ட எடுத்தவுடனே டிஸ்லெக்சியான்னு ஆரம்பிக்காதீங்க, ஏதோ பெரிய வியாதின்னு பயந்துடுவார். காரியமா கேளுங்க. லாரில ஏத்துறப்ப மூட்டைக்கு ஒரு கோடு, அஞ்சாவதுக்கு குறுக்குக் கோடு, கடைசில எண்ணி நம்பர் போட்டு அத லோடுமேன்ட்ட வாய்விட்டு படிச்சுக் காட்டுறேன், சரின்னா சிட்டையில ஏத்துறேன்னு சொல்லுங்க. களத்துல மரக்கா அளக்குறவங்களே ஒன்னுன்னு சொல்லாம லாபம்னு ஆரம்பிச்சு சத்தமாத்தான எண்ணுவாங்க, அவங்களுக்கு என்ன புத்தியா இல்ல! ரேட்டு மாறுனா வாய்ல சொல்லாம வாட்ஸ்அப்ல போடச் சொல்லுங்க. தப்பு குறைஞ்சு அவர் முகம் தெளிஞ்சப்பறம் வேணும்னா பேர சொல்லிக்கலாம், சொல்லாட்டியும் ஒன்னும் குடிமுழுகிடாது.

படிப்புக்கு வர்றேன். வீட்டுல இருந்தே படிக்கிற இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல ஜனவரி, ஜூலைன்னு ரெண்டு அட்மிஷன், 3 வருஷ பி.காம 6 வருஷம் வரைக்கும் இழுத்து முடிக்கலாம். ஜூலைல சேருங்க, தை மாசில சம்பா நெல்லு வந்து குவியுறப்ப உங்களுக்கு சோறு திங்கவே நேரம் இருக்காதே. கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளி சட்டத்துல இருக்க 21 வகைல ஒன்னு, 40 சதவீதமோ அதுக்கு மேலயோ பாதிப்புன்னு சர்டிபிகேட் கிடைச்சா பரீட்சைல மணிக்கு 20 நிமிஷம் கூடுதலா தரணும், அதாவது 3 மணி நேர பேப்பருக்கு முழுசா ஒரு மணி நேரம், சொல்லச் சொல்ல எழுத ஆளும் கேக்கலாம். திருவாரூர்ல மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விசாரிங்க.

டெஸ்டுக்குப் போறப்ப பழைய பள்ளிக்கூட நோட்டு வீட்டுப் பரண்ல கெடந்தா எடுத்துட்டுப் போங்க, சின்ன வயசுல எப்படி எழுதுனீங்கன்னு கண்டிப்பா கேப்பாங்க.