சுங்கை சிப்புட் தம்பிக்கு: பெரிய மின்கார் வேண்டுமா?

தம்பி, வீட்டில் ஐந்து பேர், தோட்டத்துச் செம்மண் பாதை, சலுகையும் இருக்கிறது, பெரிய எஸ்யூவி மின்காராகவே எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சலுகையை நம்பிப் பெரியதுக்குப் போகாதீர்கள். மலேசியாவில் மின்கார்களுக்கு இருந்த சாலை வரி விலக்கு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. இப்போது மோட்டாரின் கிலோவாட் கணக்கில்தான் வரி. வண்டியின் அளவைப் பார்ப்பதில்லை. ஆனால் பெரிய வண்டிக்குப் பெரும்பாலும் பெரிய மோட்டார்தானே! முழுதாக இறக்குமதியாகும் கார்களின் வரிவிலக்கும் அன்றோடு சரி. உள்நாட்டில் பாகங்களைப் பொருத்தித் தயாரிக்கும் கார்களுக்கு 2027 கடைசி வரை உண்டு. வீட்டில் சார்ஜர் பொருத்தினால் 2,500 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு கேட்கலாம், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம், மழைக்குப் பின் செம்பனை லாரி போன தடத்தில் இடிபடுவது காரின் அடிவயிறு. பேட்டரி அங்கேதான் இருக்கிறது. விற்பனையாளரிடம் முதலில் தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உயரம் என்று கேளுங்கள்.