எம்.எஸ்.டபிள்யூவா, சைக்காலஜியா, நர்சிங்கா? – கேள்வி பதில்

வணக்கம். மதுரையில் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுநிலைப் பட்டம், முடித்து, அதன் மேல் மனநலச் சமூகப்பணியில் எம்.ஃபில். செய்து, 19 வருடமாக மருத்துவமனை வார்டிலும் கிராமத்து முகாம்களிலும் வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து ஒரே மாதிரி கேள்விகள் வந்துகொண்டே இருப்பதால் எல்லாவற்றையும் இங்கே கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். எனக்குத் தெரிந்த துறைக்கு நீளமாகவும் மற்றதற்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

திருநெல்வேலி, பிளஸ் டூ: அக்கா, மனசு சரியில்லாதவர்களுக்கு உதவணும். பி.எஸ்சி. சைக்காலஜியா, பி.எஸ்.டபிள்யூவா (இளநிலை சமூகப்பணி)?

தங்கை, இளநிலையில் எது படித்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் எந்தப் பட்டம் இருந்தாலும் சேரலாம். ஆனால் முதுநிலை சைக்காலஜிக்கு இளநிலையிலும் சைக்காலஜி கேட்கிற இடங்கள் உண்டு. அதனால் ஆசை சைக்காலஜி பக்கம் சாய்ந்தால் அதையே எடுத்துவிடு.

வித்தியாசம் வேலையில்தான் தெரியும். ஒரு பையன் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறான் என்று வைத்துக்கொள். சைக்காலஜிஸ்ட் அவனோடு உட்கார்ந்து பேசுவார், சோதனைகள் செய்வார், அவன் பயத்தைப் பார்ப்பார். சமூகப் பணியாளர் அவன் வீட்டுக்குப் போவார். அப்பா குடிக்கிறாரா, பையன் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நிற்கிறானா, வகுப்பில் யாராவது சாதி சொல்லித் திட்டுகிறார்களா என்று விசாரிப்பார், தலைமையாசிரியரிடம் பேசுவார், தேவைப்பட்டால் குழந்தைகள் நலக் குழுவுக்கு எழுதுவார். இரண்டு பேரும் வேண்டும். உனக்கு அறைக்குள் உட்கார்ந்து ஆழமாகக் கேட்பது பிடிக்குமா, வெயிலில் நாலு அலுவலகம் ஏறி இறங்குவது பிடிக்குமா என்று யோசி. சைக்காலஜி பெரிது, சோஷியல் ஒர்க் சின்னது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பெயர்ப் பலகை வைக்க வெறும் எம்.எஸ்சி. போதாது, பி.எச்.டி. மட்டும் இருந்தாலும் போதாது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த கிளினிக்கல் படிப்பும் அதன் பதிவு எண்ணும் வேண்டும். இத்தனை காலம் அது 2 வருட எம்.ஃபில்.லாக இருந்தது. 2025-26 வரைதான் அதில் சேர்க்கை என்று யூ.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, சொல்லிவிட்டதால் படிப்பின் பெயரும் வடிவமும் மாறிக்கொண்டிருக்கின்றன. நீ அந்த இடத்துக்கு வர இன்னும் 5 வருடம் இருக்கிறது, அப்போது ஆர்.சி.ஐ. பட்டியலை நீயே பார்த்துக்கொள். பணம் கட்டும் முன் பட்டியலைப் பார்க்கணும், இதை இன்று பல தடவை சொல்லப் போகிறேன்.

சேலம்: ஆன்லைனில் 3 மாத கவுன்சிலிங் டிப்ளமோ, 18,000 ரூபாய். முடித்தால் கிளினிக் வைக்கலாமா மேடம்?

கூடாது. கேட்கக் கற்றுக்கொள்ள, ஆசிரியராக இருந்து மாணவர்களோடு பேச, அதற்கு உதவும். ஆனால் சாக நினைக்கிற ஒருவர் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்று 3 மாதத்தில் யாரும் கற்றுத்தர முடியாது.

விழுப்புரம், ஒரு அம்மா: என் மகள் எம்.எஸ்.டபிள்யூ.வில் மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரிக், அதாவது மருத்துவ, மனநலப் பிரிவு, எடுக்கிறேன் என்கிறாள். பைத்தியங்களோடு பெண் பிள்ளை வேலை செய்வது பாதுகாப்பா?

அம்மா, அந்தச் சொல் மட்டும் வேண்டாம். அவர்களும் யாரோ ஒருவரின் பிள்ளைகள். 19 வருடத்தில் நோயாளி ஒருவர் என்னை அடித்தது ஒரே ஒரு தடவை, அதுவும் நான் அவருக்குப் பின்னாலிருந்து சத்தமில்லாமல் போய்த் தோளைத் தொட்டதால். பாதுகாப்புக்கு முறை இருக்கிறது, அதைக் கற்றுத்தருவார்கள். ஆண்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு நோயாளியைப் பார்க்கத் தனியாகப் போகக்கூடாது, கதவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், எங்கே போகிறோம் என்று அலுவலகத்தில் எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும். மகளை ஒரு நாள் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் போய் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் கூடப் போங்கள். 1794-இல் தொடங்கிய இடம் அது. அங்கே மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தாலே உங்கள் பயம் பாதி குறையும்.

கோவை: எம்.எஸ்.டபிள்யூ.வில் ஹெச்.ஆர்., அதாவது மனிதவளப் பிரிவு, எடுத்தால் சம்பளம் அதிகம் என்கிறார்களே?

ஆமாம், அதிகம். ஆனால் அது வேறு துறை. அதைப் பற்றி ஹெச்.ஆர்.காரர்களிடம் கேளுங்கள்.

தூத்துக்குடி: எனக்கு 2 வருடம் முன்பு டிப்ரஷன் வந்து மீண்டேன். என்னை மாதிரி இருப்பவர்களுக்கு உதவ கவுன்சிலர் ஆகணும். இது சரியான காரணமா?

நல்ல காரணம்தான் தம்பி, ஆனால் அது மட்டுமே போதாது. பட்டவருக்குத்தான் வலி தெரியும் என்பது உண்மை. அதே வலி உன்னை ஏமாற்றவும் செய்யும். எதிரில் இருப்பவர் தன் கதையைச் சொல்லும்போது உனக்கு உன் கதையே கேட்கும், உனக்கு உதவியது அவருக்கும் உதவும் என்று தோன்றும். என்னோடு படித்த ஒருத்தி, அவள் அப்பா தூக்கு மாட்டி இறந்தவர், முதல் களப்பணியிலேயே அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தைப் பார்த்துவிட்டு 3 வாரம் கல்லூரிக்கே வரவில்லை. பிறகு சொந்தமாக ஒரு தெரபிஸ்ட்டைப் பார்த்தாள், ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தாள், இன்று எங்கள் வட்டாரத்தில் அவளைவிட நிதானமான ஆள் கிடையாது. நீயும் அவசரப்படாதே. சிகிச்சை இன்னும் இருந்தால் தொடரட்டும். சேருகிற இடத்தில் உன் கேஸ்களைக் கேட்டு வழிநடத்த மூத்தவர் ஒருவர் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுச் சேர். இடையில் திரும்ப மனசு இறங்கினால் 14416-க்குக் கூப்பிடு, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள்.

ஈரோடு: 6 மாத ஆன்லைன் சைக்காலஜி சர்ட்டிஃபிகேட்…

சேலத்துக்காரருக்குச் சொன்னதுதான். தொலைதூரத்தில் சைக்காலஜி பட்டம் வாங்கலாமா என்று இன்னும் 4 பேர் கேட்டிருக்கிறீர்கள், அவர்களுக்கும் சேர்த்து: 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைதூரத்திலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று யூ.ஜி.சி. உத்தரவு போட்டுவிட்டது. யாராவது இன்னும் விற்றால் வாங்காதீர்கள்.

தஞ்சாவூர்: எல்லாரும் சம்பளத்தையே கேட்கிறார்கள். சேவைத் துறைக்கு வருகிறவர் சம்பளம் பார்க்கலாமா? அந்தக் காலத்தில் இலவசமாகச் செய்தார்களே.

ஐயா, உங்கள் நல்லெண்ணம் புரிகிறது, ஆனால் இந்தப் பேச்சுதான் எங்கள் துறையைக் கெடுக்கிறது. என் முதல் வேலை ஒரு தொண்டு நிறுவனத்தின் குழந்தைகள் இல்லத்தில். மாதம் 6,000 ரூபாய் தொகுப்பூதியம், அதுவும் 3 மாதம் சேர்த்துத்தான் வரும். கேட்டால் "இது சேவைதானே" என்பார்கள். என்னோடு சேர்ந்த 2 பேர் ஒரு வருடத்துக்குள் போய்விட்டார்கள், நானும் 14 மாதத்தில் கிளம்பினேன். அங்கே 9 வயதுப் பெண் குழந்தை ஒன்று, தனக்கு நடந்த கொடுமையை எனக்கு முன்னால் 3 பேரிடம் சொல்லியிருந்தாள். என்னிடம் நாலாவது தடவை. நான் கிளம்பும் அன்று "அடுத்த அக்காகிட்டயும் முதல்லேர்ந்து சொல்லணுமா?" என்று கேட்டாள். குறைந்த சம்பளத்தின் விலையை அவள்தான் கொடுத்தாள் ஐயா.

தஞ்சாவூர் மறுபடி: மனசு இருந்தால் அந்தக் குழந்தைக்காக இருந்திருக்கலாமே.

இருந்திருக்கலாம். என் அம்மாவுக்கு அப்போது டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. சம்பளம் தேவைப்படாதவர்கள் மட்டும்தான் இந்த வேலைக்கு வரலாம் என்று வைத்தால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே வருவார்கள். குடிசைப் பகுதியில் பிறந்து, அந்த வாழ்க்கை தெரிந்து படித்து வருகிற பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம்.

சென்னை, ஒரு அறக்கட்டளையில் கணக்கு பார்ப்பவர்: நியாயம்தான் மேடம், ஆனால் எங்கள் கையிலும் பணம் இல்லை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்கு அப்புறம் அந்த நன்கொடையில் நிர்வாகச் செலவு 20 சதவீதம்தான், முன்பு 50.

உண்மை, அது பெரிய அடி, சின்ன அமைப்புகள் தவித்துப்போயின. ஆனால் உங்களுக்கும் தெரியும், மருத்துவமனை நடத்தினால் டாக்டர் சம்பளமும், பள்ளி நடத்தினால் ஆசிரியர் சம்பளமும் அந்த நிர்வாகச் செலவில் சேராது என்று விதியே சொல்கிறது. நேரடியாக வேலை செய்பவர் சம்பளம் அங்கே திட்டச் செலவுதான். களப் பணியாளரையும் அந்தக் கண்ணோடு பார்த்து பட்ஜெட் எழுதும்போதே கேளுங்கள். நன்கொடையாளரிடம் 200 போர்வைக்குக் கேட்க முடிகிறது, ஒரு ஆளின் 2 வருடச் சம்பளத்துக்குக் கேட்க வெட்கப்படுகிறோம்.

தஞ்சாவூர்: சரிம்மா, அந்தக் குழந்தை கேட்டது மனதில் நிற்கிறது. நான் பேசியதில் தப்பு இருக்கிறது.

நன்றி ஐயா. உங்கள் ஊர் இல்லம் எதற்காவது உதவுகிறீர்கள் என்றால், அங்கே பணியாளர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

நாகர்கோவில்: ஒரு வருட நர்சிங் அசிஸ்டென்ட் படித்தால் வெளிநாடு போகலாமா?

அது நர்ஸ் படிப்பு இல்லை. நர்ஸ் என்றால் 3 வருட ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) அல்லது 4 வருட பி.எஸ்சி., பிறகு தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பதிவு. பதிவு எண் வராத படிப்புக்குப் பணம் கட்டாதீர்கள். மற்றதை ஒரு நர்ஸிடம் கேளுங்கள்.

திண்டிவனம்: எனக்கு 38 வயசு, வங்கி வேலை. விட்டுவிட்டு எம்.எஸ்.டபிள்யூ. சேரலாமா?

விடாதீர்கள், முதலில் தொட்டுப் பாருங்கள். 1986-லிருந்து சென்னையில் நடக்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் தன்னார்வலர்களை வைத்துத்தான் இயங்குகிறது. அந்த மாதிரி இடத்தில் முறையாகப் பயிற்சி எடுத்து ஒரு வருடம் வாரம் ஒரு நாள் செய்யுங்கள். அப்புறமும் ஆசை குறையவில்லை என்றால் வாருங்கள், வங்கியில் மனிதர்களைப் பார்த்த அனுபவம் வீண்போகாது.

யாரும் கேட்காததால் நானே ஒன்று சொல்கிறேன். பேச்சு, கேட்புப் பயிற்சிக்கான பி.ஏ.எஸ்.எல்.பி., சிறப்புக் கல்வியில் பி.எட்., இரண்டும் ஆர்.சி.ஐ. அங்கீகாரம் உள்ள படிப்புகள். முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனமே இருக்கிறது. பேச்சு வராத குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாவட்டம் விட்டு மாவட்டம் அலைகிற அம்மாக்களை வாரம்தோறும் பார்க்கிறேன். கவுன்சிலர் ஆகணும் என்று கேட்ட இத்தனை பேரில் 2 பேராவது இந்தப் பக்கம் திரும்பினால் சந்தோஷப்படுவேன்.

கரூர்: ஆன்லைன் கவுன்சிலிங் கோர்ஸ்…

மேலே படியுங்கள்.

திருநெல்வேலி மறுபடி: அக்கா, எம்.எஸ்.டபிள்யூ.வில் களப்பணி கஷ்டமா?

வாரம் 2 நாள், சில கல்லூரிகளில் கூடவும் இருக்கும். வெயிலைவிட ரிப்போர்ட் எழுதுவதுதான் கஷ்டம். அன்றிரவே எழுதிவிடு, மறுநாள் பாதி மறந்துவிடும். நோயாளியின் பெயர், ஊர் எதையும் நோட்டில் அப்படியே எழுதாதே, பஸ்ஸில் நோட்டைத் தவறவிட்டவர்கள் உண்டு.

மீதியை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், நாளை காலை 7 மணிக்கு முகாம் இருக்கிறது.