நெல்லை மேற்குப் புறவழிச்சாலை: கேள்வியும் பதிலும்

தாழையூத்தையும் கொங்கந்தான்பாறையையும் மேற்கே இணைக்கத் திட்டமிடப்பட்டுள்ள சாலை பற்றிய கேள்விகளுக்கு, நெடுஞ்சாலைப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் எழுதிய பதில்கள்.

பேட்டை வாசகர்: கிழக்கே நான்குவழிச்சாலை இருக்கையில் இது எதற்கு ஐயா?

அந்தச் சாலை மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே போகிறவர்களுக்குப் போதும். தென்காசிப் பக்கமிருந்து வரும் லாரியோ, அதில் ஏறுவதற்கே டவுனையும் சந்திப்பையும் வண்ணார்பேட்டையையும் கடக்க வேண்டியிருக்கிறது. சமவெளியில் இருவழிச்சாலை ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 15,000 கார் அலகுகளை, அதாவது அத்தனை கார்களுக்குச் சமமான வண்டிகளைத் தாங்கும் என்பது பொறியியல் கணக்கு. அதில் ஒரு லாரி 3 அலகு, டிரெயிலர் பூட்டிய டிராக்டர் 4.5 அலகு; ஆகவே இவை பெருகினால் சாலை சீக்கிரமே நிரம்பிவிடும்.

டவுன் வாசகர்: சுலோச்சன முதலியார் தம் கைப்பணத்தில் 1843இல் ஆற்றுப்பாலம் கட்டித் தந்தார். இன்று யார் தருவார்?

அரசே முழுச் செலவையும் ஏற்று ஒப்பந்தக்காரரிடம் கட்டித் தரச் சொல்வது ஒரு வழி. கலப்பு ஆண்டுத்தொகை முறையில், செலவில் 40 சதவீதத்தைக் கட்டும்போதே அரசு தவணையாகத் தந்துவிட்டு, ஒப்பந்தக்காரர் வங்கிக் கடனும் சொந்த முதலும் போட்டுத் திரட்டும் மீதியைப் பின்னர் வட்டியோடு அரையாண்டுக்கு ஒரு முறை திருப்பித் தரும். சுங்கம் வசூலித்தால் அது அரசுக்கே. சுங்கத்தை மட்டுமே நம்பித் தனியார் முதலிடும் முறை நகரப் புறவழிக்குப் பொருந்தாது என்பது என் கருத்து, ஏனெனில் அதில் ஓடுவதில் பெரும்பகுதி உள்ளூர் வண்டிகளே.

சுத்தமல்லி வாசகர்: என் நஞ்சை போனால் என்ன விலை கிடைக்கும்?

2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி, வழிகாட்டி மதிப்பையும், சுற்றுவட்டாரத்தில் அதே வகை நிலங்களுக்கு முந்தைய மூன்றாண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில் அதிக விலையுள்ள பாதியின் சராசரியையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதைச் சந்தை மதிப்பாகக் கொள்வார்கள். ஊரகப் பகுதியென்றால் அதை ஒரு காரணியால் பெருக்கி, கிணறு, மரம், கட்டடம் ஆகியவற்றின் மதிப்பையும் சேர்த்து, வந்த தொகைக்குச் சமமான தொகையை ஆறுதல் தொகையாகக் கூட்டுவார்கள். முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்கப் பத்திரத்தில் குறைத்து எழுதும் நம் ஊர்ப் பழக்கம் கடிப்பது இங்கேதான்: பத்து லட்சத்துக்கு வாங்கியதை நாலு லட்சம் என்று பதிந்தவர் தம் நிலத்தின் விலையை மட்டுமல்ல, பக்கத்து வயல்காரரின் விலையையும் சேர்த்தே குறைத்துவிடுகிறார்.

முக்கூடல் வாசகர்: சாலைக்கு மண்ணடித்தால் தண்ணீர் எங்கே போகும்?

நம் பக்கத்துக் குளங்கள் ஒன்று நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்ததற்குப் போகும் அமைப்பில் இருப்பவை. 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கோடையில் அளந்த வரைபடத்தில் வறண்ட ஓடை தெரியாமல் போகக்கூடும்; அங்கே வழி விடாமல் மண்ணடித்தால் தண்ணீர் தேங்கிவிடும். ஆகவே மறுகால் போகும் தடத்தை நீங்களே எழுத்தில் குறித்துக் கொடுங்கள்.

கோபாலசமுத்திரம் வாசகர்: ஆட்சேபணை எப்போது தெரிவிக்கலாம்?

மாநிலச் சாலையென்றால் 2001ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 15ஆம் பிரிவில் வரும் அறிவிப்பில் தரப்பட்ட கெடுவுக்குள். தேசிய நெடுஞ்சாலையென்றால் அறிவிக்கை வெளியான 21 நாட்களுக்குள். மனுவில் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.