நியூயார்க்கின் அடமானப் பதிவு வரி: ‘தற்காலிக’ வரி ஏன் முடிவதே இல்லை?

நியூயார்க் மாநிலத்தில் வீட்டுக் கடனுக்கான அடமானப் பத்திரத்தைப் பதிவு செய்யும்போது அடமானப் பதிவு வரி கட்ட வேண்டும். 1906 முதல் இருக்கும் வரி இது. பல கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதிகள்) இதன் மேல் தங்கள் பங்கையும் சேர்த்து வாங்குகின்றன. அந்தப் பங்குக்குச் சட்டத்தில் முடிவுத் தேதி உண்டு; தேதி நெருங்கும்போதெல்லாம் நீட்டிப்பு மசோதா வரும். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஆல்பனி கவுண்டியில் 3 லட்சம் டாலர் கடனில் வீடு வாங்குகிறோம், அக்கா. வரி எவ்வளவு வரும்?

நூறு டாலருக்கு 1.25 டாலர் வீதம், மொத்தம் 3,750 டாலர். இது நான்கு வரிகளின் கூட்டுத்தொகை: அடிப்படை வரி 50 சென்ட், கூடுதல் வரி 25, சிறப்புக் கூடுதல் வரி 25, கவுண்டியின் வரி 25. ஆறு குடியிருப்புகள் வரை உள்ள வீடுகளுக்குச் சிறப்புக் கூடுதல் வரியை வங்கிதான் கட்ட வேண்டும்; அந்த 750 டாலர் உங்கள் தலையில் விழாது. ஒன்று அல்லது இரண்டு குடும்ப வீடு என்றால் முதல் 10,000 டாலருக்குக் கூடுதல் வரி கிடையாது, அதில் 25 டாலர் குறையும். உங்கள் கையிலிருந்து போவது 2,975. நீட்டிப்பு மசோதா கவுண்டியின் 25 சென்டைப் பற்றியது மட்டுமே. உங்கள் கணக்கில் அது 750 டாலர்.

கையெழுத்துக்கு முன் வங்கி தரும் செலவுக் கணக்கான குளோசிங் டிஸ்குளோஷரின் இரண்டாம் பக்கத்தில் அரசு வரிகளுக்கான ‘ஈ’ பகுதியைப் பாருங்கள். வங்கியின் பங்கு தவறிப்போய் உங்கள் பத்தியில் ஏறியிருந்தால் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

கவுண்டியின் வரிக்கு மாநிலச் சட்டமன்றம் எதற்கு?

வரி விதிக்கும் அதிகாரம் மாநிலத்துடையது. கவுண்டி சட்டமன்றம் முதலில் ‘ஹோம் ரூல்’ கோரிக்கை, அதாவது இந்தச் சட்டம் எங்களுக்கு வேண்டும் என்ற தீர்மானம், நிறைவேற்றி அனுப்ப வேண்டும். பிறகு மாநிலத்தின் இரு அவைகளும் மசோதாவை நிறைவேற்றி, ஆளுநர் கையெழுத்திட வேண்டும். வரிச் சட்டத்தின் 253ஆம் பிரிவுக்குப் பின்னால் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஓர் எழுத்தைச் சேர்த்துச் சேர்த்து உட்பிரிவுகள் நீண்டுகொண்டே போகின்றன.

தற்காலிகம் என்கிறார்கள், ஆனால் எடுத்ததாகவே கேள்விப்பட்டதில்லையே?

என் மனத்தை உறுத்துவதும் இதுதான். வரி வந்த மறுவருடமே அந்த வருமானம் பட்ஜெட்டில் நிலையான வரவாக உட்கார்ந்துவிடுகிறது. முடிவுத் தேதி வரும்போது, “நீட்டிக்காவிட்டால் சொத்து வரியை உயர்த்த வேண்டியிருக்கும்” என்கிறார்கள். அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முடிவுத் தேதி எதற்காக வைத்தார்கள்? இத்தனை ஆண்டுகளில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கணக்குக் காட்டி மறுபடி அனுமதி கேட்பதற்காகத்தான். கணக்கே காட்டாமல் தேதியை மட்டும் மாற்றுவதை நான் ஏற்க மாட்டேன். மாநில அவைகளில் இத்தகைய மசோதாக்கள் பெரிய விவாதமின்றிப் போய்விடும். ஆகவே ஹோம் ரூல் கோரிக்கை கவுண்டி சட்டமன்றத்தில் இருக்கும்போதே உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள்.

ரொக்கமாக வாங்குகிறவர்கள் இந்த வரியே கட்டுவதில்லையாமே, நியாயமா?

கடன் இல்லையென்றால் அடமானம் இல்லை, வரியும் இல்லை. பத்து லட்சம் டாலர் வீட்டை ரொக்கமாக வாங்குகிறவர் மாளிகை வரி (அந்த விலைக்கும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கான வரி) கட்டுவார், அது வேறு. ஆனால் மூன்று லட்சத்து ஐம்பதாயிரம் டாலர் வீட்டை ரொக்கத்துக்கு வாங்குகிறவர் இந்த வகையில் ஒரு சென்ட் கட்டுவதில்லை. அதே தெருவில் கடன் வாங்கி வரும் இளம் தம்பதி கட்டுகிறார்கள். நியாயமில்லை என்பதே என் கருத்து.

நாசோ கவுண்டியில் இருக்கிறோம். பாக்கி 4 லட்சம், மறுகடன் 4.5 லட்சம். மறுபடியும் முழு வரியா?

‘சீமா’ என்று கேளுங்கள். பழைய அடமானத்தை ரத்து செய்யாமல் புதிய வங்கியின் பெயருக்கு மாற்றி, புதிய கடனோடு இணைக்கும் ஒப்பந்தம் அது. வரி புதிதாக வாங்கும் 50,000 டாலருக்கு மட்டும் வரும். நாசோவில் கடன் வாங்குகிறவரின் பங்கு 0.80 சதவீதம், 3,600 டாலர் வரவேண்டிய இடத்தில் 400 டாலர்தான் (முதல் 10,000 டாலருக்கான விலக்கு தனி; கூடுதல் வரி நாசோவில் 30 சென்ட் என்பதால் அது 30 டாலர்). வங்கியும் வழக்கறிஞரும் இதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், நாளும் கூடும். எல்லா வங்கிகளும் இசைவதில்லை என்பதால் விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

குயின்ஸில் கோ-ஆப் வாங்குகிறேன்.

உங்களுக்கு இந்த வரி கிடையாது. கோ-ஆப்பில் நீங்கள் வாங்குவது வீட்டை அல்ல, கட்டடத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்குகளும் குத்தகை உரிமையும்தான்.

எந்த மாநிலமாவது இதை ஒழித்திருக்கிறதா?

கான்சஸ். நூறு டாலருக்கு 26 சென்ட் இருந்த வரியை 2015 முதல் படிப்படியாகக் குறைத்து 2019 தொடக்கத்தில் நீக்கினார்கள். ஈடாகப் பத்திரப் பதிவுக் கட்டணத்தை உயர்த்தினார்கள்.

நீட்டிப்பு தாமதமாகி வரி காலாவதியானால்? நாங்கள் கையெழுத்திட்டது அதற்கு முன்பு.

பொதுவாகப் பதிவாகும் நாள்தான் கணக்கு, கையெழுத்திட்ட நாள் அல்ல. சில சட்டங்களில் இடைக்கால விதிகள் இருக்கும். சொத்துரிமையைச் சரிபார்த்துப் பத்திரத்தைப் பதிவுக்கு அனுப்பும் டைட்டில் நிறுவனத்திடம் கேட்டுச் சரிபாருங்கள்.

மைத்துனரிடம் கடன் வாங்கி அடமானம் எழுதித் தருகிறேன். பதிவு செய்யாமல் விட்டால் வரி மிச்சம்தானே?

உங்களுக்கு மிச்சம், அவருக்கு ஆபத்து. வரி கட்டாத அடமானத்தை வைத்து நீதிமன்றத்தில் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர முடியாது என்று 258ஆம் பிரிவு சொல்கிறது. பின்னால் வேறொருவர் தன் அடமானத்தை முதலில் பதிவு செய்துவிட்டால் அவருக்கே முன்னுரிமை போய்விடக்கூடும். கடன் கொடுப்பவர் தனிநபர் என்பதால் ஆறு குடியிருப்புகள் வரையிலான வீட்டுக்குச் சிறப்புக் கூடுதல் வரியும் இல்லை. நம்பிக் கொடுக்கிற மனிதர். பதிவு செய்தே கொடுங்கள்.